பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் கொடிகாமத்தை வதிவிடமாகவும் கொண்ட தக்சாயினி சுபாஸ்கரன் உயிரோடும் நல்ல சுகத்தோடும் இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பற்றி இப்படி ஒரு வசனத்தைத் தொடங்கினால் கேட்கிறவர் அது முடியும்வரை காத்திருக்க மாட்டார். கையிலிருக்கிற தேத்தண்ணியை வைத்துவிட்டு, "எப்பவாம்? பிரேதம் எடுக்கிறது எப்பவாம்?" என்று கேட்பார். பத்திரிகையிலும் வானொலியிலும் இணையத்திலும் மரண அறிவித்தல் இந்தச் சொற்களோடுதான் தொடங்கும். உயிரோடு நடமாடுகிற மனிதருக்கு இவற்றைப் பாவிக்க இங்கே எவருக்கும் நாக்கு வளையாது. தக்சாயினிக்கு மட்டும் வளைந்தது. அதுவும் அவளுடைய வாழ்க்கையிலேயே மிகப் பெரிய சந்தோசமான நாளில்.

அவளைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது அவளுடைய அவசரத்தை. உலையில் அரிசி போட்டால் வேகும்வரை நிற்கமாட்டாள், மூடியைத் திறந்து திறந்து பார்த்தபடி இருப்பாள். சந்தோசம் வந்தால் கை தட்டுவாள், சின்னப் பிள்ளைபோல. படித்தது கணினி. படிப்பு முடிந்த கையோடு, மரண அறிவித்தல்களை வெளியிடும் ஓர் இணையத்தளத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினாள். கனடாவிலோ சுவிஸிலோ ஊரிலோ ஒருவர் போய்ச் சேர்ந்தால் விபரம் அவளுக்கு வரும். அவள் அதை முறைப்படி எழுதி ஏற்றுவாள். பிறப்பிடம், வதிவிடம், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர், பிறகு மருமகன், மைத்துனர், சகலன் என்று ஒருவரும் விடுபடாமல். ஒரு மைத்துனர் விடுபட்டாலும் பெரிய சண்டையாகிவிடும். கலியாணம் முடித்து, கொடிகாமத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அவள் விரல்கள் இதையேதான் எழுதிக்கொண்டிருந்தன.

ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே கணவனிடம் சொன்னாள்: "நான் ஏத்துற பக்கத்தை ஒரு மனுசராவது சந்தோசமாத் திறக்கினமே? திறக்கேக்கையே அழுதுகொண்டெல்லே திறக்கினம்."

சுபாஸ்கரன் கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவன். அதிகம் கதைக்க மாட்டான். "அப்ப சந்தோசமாத் திறக்கிற பக்கமாய் ஒண்டைச் செய்யன்" என்றான். சும்மா வாய்க்குச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். அடுத்த கிழமை கடைக்கு மேலே வெங்காய மூட்டை அடுக்குகிற அறையை ஒழித்து, வெள்ளையடித்து, ஒரு மேசையும் மின்விசிறியும் போட்டுக் கொடுத்துவிட்டான். வெங்காய மணம் மட்டும் இன்னும் போகவில்லை. தக்சாயினி வேலையை விட்டாள். மாடிப்படியின் அடியில் 'இணையத்தளம் வடிவமைத்துத் தரப்படும்' என்று பலகை தொங்கியது.

முதலில் கணவனுடைய கடைக்கே ஒரு தளம் செய்தாள், மரக்கறி விலைகளோடு. அவள் கத்தரிக்காய் விலையைத் தட்டி முடிப்பதற்குள் கீழே கத்தரிக்காயே முடிந்துவிடும். அந்தத் தளத்தைக் கட்டிய ஒரே பலன், சந்தைக்கு வந்த சோமசேகரம் அதைக் கண்டதுதான்.

அளவெட்டி நாதஸ்வர வித்துவான் சோமசேகரத்தைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. தக்சாயினியின் தகப்பனாருக்குக் கூட்டாளி, அதனால் அவளுக்கு மாமா. மகன், தம்பி மகன், மருமகன் என்று சொந்தத்துக்குள்ளேயே ஒரு குழு வைத்திருந்தார். வருசம் முழுக்கக் கோயிலும் கலியாணமும் என்று ஓய்வில்லாத ஓட்டம். ஓட்டம் கூடினால் பிசகும் கூடும்.

"ஒரே நாளிலை ரெண்டு கலியாணத்துக்கு ஓம் எண்டிட்டன் பிள்ளை" என்றார் அவர், மாடியேறி வந்து மூச்சு வாங்கியபடி. "வாசிச்சுக்கொண்டிருக்கேக்கை போன் எடுத்தால் நான் என்னத்தைச் சொல்லுறது? தலையாட்டினனான். பக்கத்திலை போனைப் பிடிச்சிருந்தவை அதை ஓம் எண்டு சொல்லிவிட்டினம். எந்த நாள் நான் சும்மா இருக்கிறன் எண்டு வெளிநாட்டிலை இருக்கிறவையும் பாக்கிறமாதிரி ஏதும் செய்யேலுமோ?"

செய்யேலுமோவா! தக்சாயினி கதிரையிலிருந்து எழும்பியே விட்டாள். நாட்காட்டி, பாட்டு, படம், காணொளி, தொடர்பு என்று அவள் அடுக்கிய வேகத்தில் கிழவனார் மிரண்டு போனார்.

"பொறு பொறு. ஒவ்வொரு முறையும் மாத்தவேணுமெண்டால் உன்னட்டைக் கொடிகாமம் ஓடிவாறதோ?"

"தேவையில்லை மாமா. அதுக்குத்தானே உள்ளடக்க மேலாண்மை எண்டு ஒரு மென்பொருள் இருக்கு. பந்தலை நான் போட்டுத் தாறன். மேடை, வாழை, லைற் எல்லாம் என்ரை பொறுப்பு. பேந்து அதுக்குள்ளை என்ன நடக்கிறது, எந்த நாள் ஆருக்கு எண்டதெல்லாம் நீங்களே போனிலை இருந்து மாத்தலாம். பந்தலிலை ஒரு கயிறும் அவிழ்க்கத் தேவையில்லை."

"அப்ப நீ பந்தல்காரி."

"ஓம் மாமா. பந்தல்காரிதான்."

அன்றிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அந்த வேலையை அவள் எப்படிச் செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? சாப்பாடு மறந்து செய்தாள். தளத்தின் தோற்றத்துக்கு ஆயத்தமாகக் கிடைக்கிற தீம்களைச் சேலைக்கடையில் பிரிப்பதுபோல விரித்து விரித்துப் பார்த்தாள். ஒன்று மினுங்கல் கூட, இன்னொன்றைப் பார்த்தால் வங்கி ஞாபகம் வந்தது. கடைசியில் படங்களைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாகக் காட்டும் ஒன்று அவள் மனதைக் கவ்வியது. வித்துவானுடைய படத்தை அதற்கேற்பக் கறுப்பு வெள்ளையாக்கிப் போட்டபோது, நெற்றியில் திருநீறும் நெஞ்சில் சங்கிலியுமாக மனிதர் ஒரு ராசாவைப்போல இருந்தார். தக்சாயினி கை தட்டினாள். கீழே பூசணிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த சுபாஸ்கரன், "என்னப்பா அங்கை?" என்று மேலே பார்த்துக் கேட்டான்.

ஒரு பக்கம் மட்டும் நிரம்பவில்லை. 'வித்துவானைப் பற்றி இரசிகர்கள்' என்று அதற்குத் தலைப்பு வைத்திருந்தாள்.

"மாமா, உங்கடை வாசிப்பைப் பற்றி ஆரும் நல்லதாய்ச் சொன்னது இருந்தால் சொல்லுங்கோ, போடுவம்."

"ஆர் பிள்ளை சொல்லுறது? தாலி கட்டினவுடனை எல்லாரும் சாப்பாட்டுக்கெல்லே ஓடுகினம். நான் மங்களம் வாசிக்கேக்கை கதிரையள்தான் கேட்டுக்கொண்டிருக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவளுக்கு அது ஒருமாதிரிப் போய்விட்டது. அந்தப் பக்கம் 'இங்கே எழுதுக' என்ற வெறும் வசனத்தோடு கிடந்தது.

தளத்தை வெளியிடும் நாளையும் நேரத்தையும் அவர் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லி அவள் கேட்டாள்.

"நல்ல முகூர்த்தத்திலை நான் சும்மா இருந்தால் என்ரை தொழில் என்னெண்டு ஓடும்? அண்டைக்கு எனக்குச் சாவகச்சேரிப் பக்கம் கலியாணம். நீயே ஏத்து."

மறுநாள் வட்டுக்கோட்டைப் பக்கத்து அம்மன் கோயிலில் கொடியேற்றம். திருவிழா முழுவதும் சோமசேகரம் குழுதான். கோயில் சபைத் தலைவர் கனகலிங்கம், "தளம் வந்தவுடனை அனுப்புங்கோ, வெளிநாட்டுக்காரருக்குக் காட்டவேணும். நல்லாயிருந்தால் எங்கடை கோயிலுக்கும் ஒண்டு செய்விப்பம்" என்று சொல்லி வைத்திருந்தார். தக்சாயினிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? இந்தப் பந்தல் நேராக நின்றால் அடுத்த பந்தலும் அவளுக்குத்தான். விழுந்தால், பழையபடி மைத்துனர்களையும் சகலன்களையும் வரிசைப்படுத்தப் போகவேண்டியதுதான்.

அந்த நாளும் விடிந்தது. எல்லாம் தயார். வித்துவானுடைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்றுதான் பாக்கி. அவள் மனம் ஏற்கெனவே வெளியிடும் பொத்தானுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. மனம் பறந்தால் விரல்கள் தங்களுக்குத் தெரிந்த பாதையில்தான் ஓடும். முதல் வசனத்தை அவை தாமாகவே எழுதின. அதற்குப் பிறகு அவள் எழுதியவை தங்கமான வரிகள். சின்ன வயதில் வாய் வெடிக்க வெடிக்கச் சாதகம் செய்தது, தேர்த்திருவிழாக்களில் விடிய விடிய வாசித்தது, அவருடைய தோடி ராகம், சாமி வீதிக்கு வரும்போது வாசிக்கும் மல்லாரி என்று உருகி உருகி எழுதியிருந்தாள். தலைப்பின் கீழே பிறந்த திகதியையும் மறக்காமல் போட்டாள். நல்ல நேரம் வந்தது. அம்மனை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

தளம் ஏறியது. ஏறிய கையோடு, அவள் முன்பே ஒழுங்குபண்ணி வைத்திருந்தபடி, வித்துவானுடைய பக்கம் ஊர்ச் சங்கங்கள், கோயில் சபைகள், சொந்தக்காரர் எல்லாருடைய வட்ஸ்அப்புக்கும் முகநூலுக்கும் தானாகவே பறந்தது.

பத்துப்பேர். ஐம்பது. நூறு. தளத்தைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை கண்முன்னாலேயே குதித்தது. உலகப் படத்தில் பச்சைப் புள்ளிகள் முளைத்தன. இலண்டன், பரிஸ், ஒஸ்லோ, சூரிச். தக்சாயினி மாடிப்படியில் பாதிவரை ஓடிவந்து கத்தினாள்.

"இஞ்சேருங்கோப்பா! நோர்வேயிலை இருந்து பாக்கினம்! கனடா, கனடா!"

"கனடாவிலை இப்ப நடுச்சாமமெல்லே?" என்றான் சுபாஸ்கரன்.

"நடுச்சாமத்திலை எழும்பி இருந்து நாதஸ்வரத் தளம் பாக்கினமப்பா! என்ன மாதிரியான ரசிகர்கள்!"

அவளுடைய கண் நிறைந்துவிட்டது. சந்தோசத்தில் கடையில் நின்ற எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுக்கச் சொன்னாள். தளத்தை நிர்வகிக்கிற டாஷ்போர்டில் 'கருத்துகள்' என்ற சொல்லின் பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எண் ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு பேர் எழுதுகிறார்கள்! அதை அவசரப்பட்டு வாசித்துத் தீர்த்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஆறுதலாக இருந்து ஒவ்வொன்றாக வாசிக்கலாம் என்று வைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொறுமை காட்டினாள், அதுவும் காட்டக்கூடாத இடத்தில்.

அப்போது சுபாஸ்கரன் படியேறி வந்தான். அவன் முகம் சரியில்லை.

"தக்சா, பதறாதை. எங்கடை சந்தைக் குழுவிலை இப்பதான் வந்தது. உன்ரை சோமு மாமா... மோசம் போயிட்டாராம்."

"ஐயோ!" என்று தலையில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டாள். "காலமைகூடக் கதைச்சனானே! பந்தல்காரி, நல்லா ஏத்து எண்டு சொன்னாரே மனுசன்!" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கணவனுடைய போனைப் பறித்துப் பார்த்தாள். கறுப்பு வெள்ளைப் படம். திருநீறு. படத்தின் கீழே அவருடைய பிறந்த திகதி, ஒரு சிறு கோடு, கோட்டுக்குப் பிறகு இன்றைய திகதி. அதன் கீழே: 'அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட நாதஸ்வர வித்துவான் சோமசேகரம் அவர்கள்...'

"ஆர் எழுதினதோ, முறையாத்தான் எழுதியிருக்கினம்" என்று விம்மிக்கொண்டே சொன்னாள். சொன்ன பிறகுதான் அடியில் கிடந்த இணைய முகவரியைக் கண்டாள்.

அழுகை நின்றது. அவள் போட்டது பிறந்த திகதி மட்டும். எந்தப் பதிவாக இருந்தாலும் வெளியிட்ட நாளை ஒரு கோட்டோடு பக்கத்தில் போடுவது அந்தத் தீமின் பழக்கம். பகிரும்போது முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவது எல்லா மென்பொருளின் பழக்கமும். முதல் வரி அவளுடைய விரல்களின் பழக்கம். மூன்று பழக்கமும் ஒன்று சேர்ந்து மனிதரை முடித்துவிட்டன. உள்ளே இருந்த தோடியும் மல்லாரியும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இத்தனை வருசம் எழுதியதில் அதுதான் ஆகத் திறமான மரண அறிவித்தல் என்று அவளுக்கே தெரிந்தது. அந்த நேரத்திலும் அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

திருத்துவது ஒரு நிமிச வேலை. வசனத்தை மாற்றினாள், திகதியை எடுத்தாள். தளத்தில் சோமசேகரம் உயிர்த்துவிட்டார். ஆனால் பறந்துபோன படங்களை என்ன செய்வது? அவை ஊர் ஊராக, குழுக் குழுவாகப் போய்க்கொண்டேயிருந்தன. அவளுடைய போன் அடித்தது. தளத்தில் தொடர்புக்குப் போட்டிருந்த இலக்கம் அவளுடையதுதான்.

"பிள்ளை, நான் கனகலிங்கம். அம்மன் கோயில். கேள்விப்பட்டம். பெரிய இழப்பு."

"இல்லை ஐயா! அவர் உயிரோடை இருக்கிறார்!"

"ஓம் பிள்ளை, எங்கடை மனங்களிலை எப்பவும் இருப்பார்."

"ஐயோ, அப்பிடி இல்லை ஐயா, மெய்யாவே இருக்கிறார்!"

"மனசைத் திடப்படுத்து பிள்ளை. முதல்லை எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். நான் எடுத்தது என்னெண்டால், நாளைக்குக் கொடியேற்றம். குழு முழுக்க அவற்றை சொந்தக்காரர். எல்லாருக்கும் செத்தவீட்டுத் துடக்கு. ஒருதரும் கோயிலுக்குள்ளை வரேலாது. நாங்கள் வேறை ஆக்களோடை கதைச்சுக்கொண்டிருக்கிறம், குறை நினைக்கவேண்டாம்."

"அது பிழையாய் வந்த செய்தி ஐயா!"

"பிழையோ? அவற்றை சொந்தத் தளத்திலையெல்லே போட்டிருக்கு?"

ஊர்க்கதை என்றால் மறுக்கலாம். அதிகாரபூர்வத் தளத்தை எப்படி மறுப்பது? "ஒரு அரை மணித்தியாலம் பொறுங்கோ ஐயா, அவரையே காட்டுறன்" என்று கத்திவிட்டு, சோமசேகரத்துக்கு அழைத்தாள். போன் நிறுத்தப்பட்டிருந்தது. வாசிக்கும்போது தலையாட்டி மாட்டிக்கொண்ட நாள் முதல் அவர் அதை நிறுத்தித்தான் வைப்பார்.

சுபாஸ்கரன் ஸ்கூட்டியின் திறப்பை ஏற்கெனவே நீட்டிக்கொண்டு நின்றான்.

கொடிகாமத்திலிருந்து சாவகச்சேரிவரை ஏ-ஒன்பது வீதியில் அவள் எப்படிப் போனாள் என்று பொலிஸ்காரரிடம் சொல்லாமல் விடுவது நல்லது. பயத்தோடு பயமாக ஒரு வெறியும் வந்துவிட்டது. என்ரை கையாலை செத்தவரை என்ரை கையாலையே எழுப்புவன் என்று தலைக்கவசத்துக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள். மண்டப வாசலில் பன்னீர் தெளித்த பெண்ணுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

மேடையோரத்தில் சோமசேகரம் நாதஸ்வரத்தை உயர்த்திப் பிடித்து, கன்னம் உப்ப வாசித்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே வந்தவளுக்குக்கூட அப்படியொரு நிம்மதி. அடுத்த கணம் கதிரைகளைப் பார்த்தாள். செய்தி அவளை முந்திவிட்டது. நாலாம் வரிசையில் ஒருவர் போனைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், திரும்பவும் போனைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார்.

"அப்ப உது ஆர் வாசிக்கிறது?"

"தம்பியாக்கும். அதே முகவெட்டு."

தாலி இன்னும் கட்டவில்லை. மங்கல வாத்தியம் வாசிக்கிறவரைப் பற்றி அந்தச் சொல் மணவறைக்குப் போனால் அபசகுனம் என்று பெண் வீடு கலங்கிவிடும். தக்சாயினி நேரே முன்னுக்குப் போய் நிலத்தில் குந்தினாள். மேடைப் பின்னணியில் வெள்ளை ரெஜிபோம் அட்டையில் வெட்டி ஒட்டிய மணமக்கள் பெயரும் அன்றைய திகதியும் வித்துவானோடு சேர்ந்து தெரியும்படி போனைப் பிடித்து நேரலையைத் தொடங்கினாள். தொடங்கிய கையோடு டாஷ்போர்டைத் திறந்து தளத்தின் முகப்பிலிருந்த படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேரலையைச் செருகினாள். மேலே ஒரு வரி: 'நாதஸ்வர வித்துவான் சோமசேகரம் இப்போது, இந்த நிமிடம், உங்களுக்காக.' பந்தலில் ஒரு கயிறும் அவிழவில்லை.

இரங்கல் எழுதுவதற்கென்று வந்தவர்கள் எல்லாரும் திறந்தார்கள். திறந்தவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். தளம் ஒருமுறை திணறி, படம் அசையாமல் நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டாள். பிறகு அசைந்தது. திரையின் அடியில் வசனங்கள் ஓடத் தொடங்கின.

'ஐயோ வாசிக்கிறார்!'

'இது பழைய வீடியோ.'

'பின்னாலை திகதியைப் பாருங்கோ, இண்டைக்குத்தான்.'

'அம்மா, எழும்புங்கோ, அவர் சாகேல்லை!'

"கெட்டிமேளம்!" என்று ஐயர் கை காட்டினார். தவில்கள் இரண்டும் இடிபோல முழங்க, நாதஸ்வரம் அதற்கு மேலே ஏறி நின்றது. அரிசியும் பூவும் பறந்தன, தாலி ஏறியது. கொடிகாமம் பந்தல்காரி காலடியில் குந்தியிருந்து போன் பிடிப்பதைச் சோமசேகரம் அப்போதுதான் கண்டார். தளத்துக்குப் படம் எடுக்கிறாள் என்று நினைத்து உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, அதுவரை வாசிக்காத வாசிப்பொன்று வாசித்தார். சனம் சாப்பாட்டுக்கு ஓடவில்லை. போனைப் பிடித்தபடி மேடையைச் சுற்றிக் குவிந்தது. கதிரைகள் வெறுமையாகக் கிடக்க, மங்களம் முடியும்வரை மனிதர்களே கேட்டார்கள்.

போன் அதிர்ந்தது. கனகலிங்கம்.

"பிள்ளை, பாத்துக்கொண்டிருக்கிறம். முழுச் சபையும் பாக்கிறம். மற்ற ஆக்களை வேண்டாம் எண்டிட்டன். நாளைக்கு அவரைக் கெதியாய் வரச்சொல்லு. அம்மனுக்கு முதல் வணக்கம் அவர்தான் வாசிக்கவேணும்."

இனி அவரிடம் சொல்லவேண்டும். மேடைக்குப் பின்னால் அறையில் அவர் நாதஸ்வரத்தின் சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு பிழை நடந்துபோச்சு."

"என்ன, தளம் ஏறேல்லையோ?"

"ஏறினது. நல்லா ஏறினது. நீங்கள் செத்துப்போனியள் எண்டு ஏறினது."

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் படத்தையும் காட்டினாள். "மங்கல வாத்தியம் வாசிக்கிற உங்களுக்கு என்ரை கையாலை இப்பிடிச் செய்துபோட்டன். சந்தோசமாத் திறக்கிற பக்கம் ஒண்டு செய்யத்தான் மாமா ஆசைப்பட்டனான். இனி நீங்கள் வேறை ஆரையும் கொண்டு செய்விச்சாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்." அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள்.

சோமசேகரம் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "படம் வடிவாய்த்தான் இருக்கு" என்றார். அவள் படத்தை மூடியதும் வந்த டாஷ்போர்டில் விரலை வைத்தார். "உதென்ன சிவப்பு வட்டம்?"

"ஆக்கள் எழுதினது. உங்களைச் செத்தவர் எண்டு நினைச்சு எழுதினது. நான் அனுமதிச்சால்தான் வெளியிலை தெரியும். இப்பவே எல்லாத்தையும் அழிச்சுவிடுறன்."

"பொறு. வாசி."

அவள் வாசித்தாள். ஒஸ்லோவிலிருந்து ஒருத்தி: 'எங்கடை கலியாணத்துக்கு ஐயாதான் வாசிச்சவர். இப்பவும் நாங்கள் சண்டை பிடிக்கிற நாள் எல்லாம் அண்டைக்குப் பதிஞ்ச ஒலிநாடாவைப் போட்டுத்தான் சமாதானமாகிறது.' சூரிச்சிலிருந்து ஒருவர்: 'அவற்றை மல்லாரி கேட்டுத்தான் சாமி மெய்யாவே வெளியிலை வாறார் எண்டு நான் நம்பினனான்.' பரிஸிலிருந்து ஒரு பொடியன், தமிழும் பிரெஞ்சும் கலந்து: அப்பா கார் ஓடும்போது இவரைத்தான் கேட்பாராம். அப்பா இல்லாத காரில் இப்போது அவன் கேட்கிறானாம். தக்சாயினி கண்ணைத் துடைத்துத் துடைத்து வாசித்தாள். சோமசேகரமோ இவ்வளவு காலமும் கதிரைகளுக்கு வாசித்ததாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர்.

'கல்யாணி ராகத்தைக் கொஞ்சம் கூட இழுப்பார். எண்டாலும் அவரைப்போல இனி ஆர்?'

"ஆர் உவன்?" என்று வித்துவான் துள்ளி எழும்பினார். "நானோ இழுக்கிறன்? கல்யாணியை இழுக்காமல் என்ன, வெட்டியே வைக்கிறது?" அவள் அழுகைக்குள்ளேயே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு சால்வையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"பந்தல்காரி, ஒரு பக்கம் வெறுமையாய்க் கிடந்ததெல்லே?"

"ஓம் மாமா."

"அதுக்குள்ளை இதெல்லாத்தையும் போடு. ஒண்டையும் அழிக்காதை. கல்யாணிக்காரனையும் போடு. ஆரும் உயிரோடை இருக்கேக்கை இதுகளைக் கேட்கிறதே? எனக்கு நீ கேட்க வைச்சிட்டாய்."

அவள் ஒவ்வொன்றாக அனுமதித்துக்கொண்டு போனாள். கடைசியில் ஒன்றில் கை நின்றது. இலண்டனிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருந்தார்: 'என்ரை மகள் நிவேதனா பிறந்த நாளிலை இருந்து நினைச்சனான், அவளின்ரை கலியாணத்தை ஊரிலை வந்து செய்யிறது, இவர்தான் வாசிக்கிறது எண்டு. இந்த வருசம் செய்வம் எண்டிருந்தம். எனக்குக் குடுத்து வைக்கேல்லை.'

சோமசேகரம் அதைத் தானே இரண்டு தரம் வாசித்தார். பிறகு போனை அவளிடமிருந்து வாங்கி, பதில் எழுதும் பெட்டியைக் காட்டச் சொல்லி, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். தட்டி முடித்துவிட்டு வெளியிடும் பொத்தானையும் தானே அழுத்தினார்.

'திகதியைச் சொல்லுங்கோ. வாறன்.'